அடிமைக் கப்பலிலிருந்து வந்த அன்புக் கடிதங்கள்



போன மாதம் ஒரு வாலிப சகோதரி ஒரு கதைப் புஸ்தகத்தை என் கையில் கொடுத்தாள். பழைய காலத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கிறிஸ்தவக் காதல் கதை. டீச்சர் திட்டுவாங்களோ என்று பயந்துகொண்டேதான் கொடுத்தாள். நான் திட்டவில்லை. ராத்திரி பதினோரு மணி தாண்டியும் விளக்கை அணைக்காமல் வாசித்து முடித்தேன். கண்ணீரும் வந்தது, மறைப்பானேன்? வழிதப்பிப் போனவள், அவளைத் தள்ளிவிடாத ஒருவன், மன்னிப்பு, கடைசியில் கல்யாணம். ஓசியா தீர்க்கதரிசியின் வீட்டில் நடந்ததும் இந்த மாதிரிதானே! காதல் என்கிற வார்த்தையைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் உன்னதப்பாட்டை எங்கே கொண்டுபோய் வைப்பார்களோ தெரியவில்லை.

ஆனாலும் படுத்தபிறகு மனசில் ஒரு நெருடல். இந்தக் கதைகளெல்லாம் கல்யாணத்தோடு முடிந்துவிடுகிறது. பாவம் மன்னிக்கப்பட்டது, கை பிடித்தாயிற்று, கடைசிப் பக்கம். அதற்குப் பிறகு அந்த மனுஷன் என்ன வேலைக்குப் போனான், அவனாலே பாதிக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. அப்பொழுது எனக்கு ஜான் நியூட்டன் ஞாபகம் வந்தது. கூடவே ஒரு சிறுபெண்ணின் ஞாபகமும் வந்தது. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

ஜான் நியூட்டனை உங்களுக்குத் தெரியும். நாம் ஆங்கில ஆராதனையிலும் கன்வென்ஷனிலும் உருகிப் பாடுகிற அந்த ஆச்சரியமான கிருபையின் பாட்டை எழுதினவர். ஞாயிறு பள்ளியில் நான் அவர் சாட்சியைச் சொல்லும்போது புயலில் ஆரம்பித்து பாட்டில் முடித்துவிடுவேன். நடுவில் இருக்கிற இருபத்தைந்து வருஷத்தை அப்படியே தாண்டிவிடுவேன். இந்தத் தடவை தாண்டாமல் சொல்லப் பார்க்கிறேன். இன்னொன்று, மரியாதைக் குறைவாக நினைக்கவேண்டாம். கப்பல் வேலையை விடும் மட்டும் அவனை அவன் என்றுதான் எழுதப்போகிறேன்.

1725-ம் ஆண்டு ஜூலை மாதம் லண்டனில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வாப்பிங் என்கிற இடத்தில் பிறந்தான். அப்பா கப்பல் கேப்டன். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மா எலிசபெத் ஜெபிக்கிற ஸ்திரீ. நாலு வயதுக்குள் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து, வேத வசனங்களையும் ஞானோபதேசக் கேள்வி பதில்களையும் மனப்பாடமாக்கி, இவன் ஊழியக்காரனாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். காசநோய் அவளை விடவில்லை. 1732-ல், பையனுக்கு ஏழு வயது நிரம்ப இரண்டு வாரம் இருக்கும்போது செத்துப்போனாள். கடைசி நாட்களில் அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவள் கென்ட் பகுதியில் சாத்தம் ஊரிலிருந்த ஒரு சிநேகிதி, கேட்லெட் குடும்பத்து அம்மாள். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வயதில் அப்பா அவனைக் கடலுக்குக் கூட்டிப்போனார். கப்பலில் நல்லது எதைக் கற்றுக்கொள்ளப் போகிறான்? பக்தியாக மாறுவான், பிறகு பழையபடி ஆவான், மறுபடியும் உபவாசம் இருப்பான், மறுபடியும் விழுவான். 1742 முடிவில், பதினேழு வயதில், அப்பா அவனுக்கு ஜமைக்காவில் நல்ல உத்தியோகம் ஏற்பாடு பண்ணினார். கப்பல் புறப்பட இன்னும் சில நாள் இருந்தது. அப்பாவின் ஒரு வேலையாக கென்ட் பக்கம் போனவன், அம்மாவின் சிநேகிதி வீட்டை எட்டிப் பார்த்தான். அந்த வீட்டின் மூத்த மகள் மேரி. வீட்டில் செல்லமாக பாலி என்று கூப்பிடுவார்கள். பதினாலு வயதுகூட நிரம்பவில்லை. பார்த்த மாத்திரத்தில் அவன் மனசு அங்கேயே தங்கிவிட்டது. ஒரு வார்த்தை அவளிடம் சொல்லத் தைரியமில்லை. மூன்று நாள் தங்கவேண்டியவன் மூன்று வாரம் தங்கினான். ஜமைக்கா கப்பல் போய்விட்டது! இந்த இரண்டு பிள்ளைகளும் குழந்தைகளாயிருக்கும்போதே இரண்டு தாய்மாரும் இவர்களைப் பற்றி அப்படி ஒரு ஆசையோடு பேசிக்கொண்டார்களாம். அது அவனுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

இதற்குப்பின் வந்த கஷ்டம் முக்கால்வாசியும் அந்தக் காதலால் வந்ததுதான். அவன் உயிர் தப்பினதற்கும் அதுவே காரணமாயிற்று என்பதையும் சொல்லவேண்டும். 1744-ல் போர்க்கப்பலுக்கு ஆள் பிடிக்கிற கும்பல் அவனைப் பிடித்து ஹார்விச் என்ற கப்பலில் ஏற்றிவிட்டது. அப்பா சிபாரிசில் சின்ன அதிகாரிப் பதவி கிடைத்தது. லீவில் பாலியைப் பார்க்கப்போய் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை, கேப்டனுக்குக் கோபம். பிளிமத் துறைமுகத்தில் கரைக்கு அனுப்பினபோது ஓடியே போய்விட்டான். பிடித்துக்கொண்டுவந்து விலங்கு மாட்டி, எல்லார் முன்பாகவும் சட்டையை உரிந்து சவுக்கால் அடித்து, பதவியையும் பறித்தார்கள். கப்பல் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகும்போது கடலில் விழுந்து சாகலாமா, கேப்டனைக் கொன்றுவிட்டுச் சாகலாமா என்று யோசித்தான். தேவபயம் அவனைத் தடுக்கவில்லை. அது எப்போதோ போய்விட்டது. நான் செத்தபிறகு பாலி என்னைப்பற்றிக் கேவலமாக நினைப்பாளே என்கிற ஒரே எண்ணம்தான் தடுத்தது என்று அவனே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டான். கர்த்தர் எதைப் பிடித்து ஒருவனை நிறுத்துகிறார் பாருங்க!

இந்த இடத்தில் அவன் கண்ட ஒரு சொப்பனத்தைச் சொல்லாமல் போக முடியாது. இதற்கு முந்தின வருஷம், வெனிஸ் போய்வந்த பயணத்தில் கண்டது. வெனிஸ் துறைமுகத்தில் ராக்காவல் நிற்கிறான். ஒருவர் வந்து ஒரு மோதிரம் கொடுத்து, இதைப் பத்திரமாய் வைத்திருக்கும்வரை உனக்கு நன்மை என்கிறார். இன்னொருவன் வந்து கேலி பண்ணிப் பேச, இவன் அதைத் தண்ணீரில் போட்டுவிடுகிறான். உடனே தூரத்து மலைகளில் தீ எரிகிறது. மூன்றாவதாக வந்தவர் தண்ணீரில் இறங்கி மோதிரத்தை எடுத்துவருகிறார். ஆனால் திருப்பி இவன் கையில் கொடுக்கவில்லை. நீ மறுபடியும் தொலைத்துவிடுவாய், நானே உனக்காக வைத்திருக்கிறேன் என்கிறார். இரண்டு மூன்று நாள் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் வருஷக்கணக்கில் மறந்தே போனான்.

மதேரா தீவருகில் அவனை ஹார்விச்சிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற ஒரு வியாபாரக் கப்பலுக்கு மாற்றினார்கள். அவனும் கெஞ்சிக் கேட்டுத்தான் போனான். அங்கே நம்மைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, இஷ்டம்போல் பாவம் செய்யலாம் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறான். சியரா லியோன் கரையில் பிளான்டேன் தீவுகளில் ஒரு வெள்ளைக்கார அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அந்த வியாபாரியோடு வாழ்ந்த ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. காய்ச்சலில் கிடந்தவனுக்குத் தண்ணீர்கூட கொடுக்காமல் விட்டாள். தான் தின்ற தட்டில் மிஞ்சினதைக் கொடுத்தாள். பசி பொறுக்காமல் ராத்திரியில் தோட்டத்துக் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றான். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அடிமைகள், அவர்களுக்கே போதாத சாப்பாட்டில் கொஞ்சத்தை யாருக்கும் தெரியாமல் இவனுக்குக் கொடுத்தார்கள். இந்த வரியைத்தான் நான் இத்தனை வருஷமாய் ஞாயிறு பள்ளியில் சொல்லாமல் விட்டேன். அவன் உயிரைக் காப்பாற்றினது யார் என்று பாருங்கள்.

அந்த நாட்களில் எலுமிச்சைக் கன்றுகள் நட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்து முதலாளி கேலி பண்ணினான். இது காய்க்கும்போது நீ ஒரு கப்பலுக்கே கேப்டனாகி வந்து பறித்துக்கொள்வாய் என்று சிரித்தான். கையில் ஒரே ஒரு புஸ்தகம் இருந்தது, யூக்ளிட் எழுதிய கணக்குப் புஸ்தகம். கடற்கரை மணலில் குச்சியால் படம் வரைந்து அதைப் படித்தான். மேல்சட்டைக்கும் மாற்று இல்லாத ஆள்!

அப்பாவுக்குக் கடிதம் எழுதினான். அப்பா விட்டுவிடவில்லை. லிவர்பூலிலுள்ள வியாபாரி நண்பரிடம் சொல்லி, ஆப்பிரிக்கா போகும் கப்பலில் தேடச் சொன்னார். 1747-ல் கிரேஹவுண்ட் என்ற கப்பல் அந்தக் கரையோரம் போனபோது, இவனோடு இருந்தவன் கடற்கரையில் புகை போட்டு அடையாளம் காட்டினான். அதற்குள் இவனுக்கு வேறு முதலாளியிடம் நல்ல வேலை. ஊருக்கு வர மனசில்லை. கேப்டன் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்: உனக்கு வருஷத்துக்கு 400 பவுன் வருகிற சொத்து வந்திருக்கிறது, வா என்று. பணம் வந்தால் பாலியைக் கேட்கலாமே! அதற்காகத்தான் ஏறினான்.

புயலை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1748 மார்ச் மாதம், வட அட்லாண்டிக் கடல். ராத்திரியில் கப்பலின் பக்கம் உடைந்து தண்ணீர் உள்ளே வந்தது. மேலே ஏறப்போனவனைக் கேப்டன் கத்தி எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த இடத்தில் ஏறினவனை அலை அடித்துக்கொண்டு போயிற்று. சரக்கில் தேன்மெழுகும் மரமும் இருந்தபடியால் கப்பல் மூழ்காமல் மிதந்தது. மணிக்கணக்காய் பம்பு அடித்தான், பிறகு நடுராத்திரி மட்டும் சுக்கானைப் பிடித்து நின்றான். கர்த்தர் இரங்கவேண்டும் என்ற வார்த்தை தன்னை அறியாமலே வாயில் வந்ததும், எனக்கு என்ன இரக்கம் இருக்கமுடியும் என்று திடுக்கிட்டான். அம்மா சொல்லிக்கொடுத்த வசனங்கள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தது. இவன்தான் யோனா, இவனைக் கூட்டிவந்ததால்தான் இந்த ஆபத்து என்று கேப்டன் திட்டிக்கொண்டேயிருந்தார். நாலு வாரம் கழித்து அயர்லாந்துக் கரையில் லாக் ஸ்வில்லி என்ற இடத்தில் ஒதுங்கினபோது கடைசிச் சாப்பாடு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. சாகும் மட்டும் ஒவ்வொரு வருஷமும் மார்ச் 21-ந் தேதியை உபவாசத்தோடும் ஸ்தோத்திரத்தோடும் ஆசரித்தான்.

அயர்லாந்திலிருந்து அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினான். மகன் போன கப்பலே மூழ்கிற்று என்று நினைத்திருந்த தகப்பன் அன்பாகப் பதில் எழுதினார். ஆனால் முகம் பார்க்க முடியவில்லை. ஹட்சன் விரிகுடாவில் ஒரு கோட்டைக்கு அதிகாரியாக அவர் கப்பலேறிவிட்டார். 1750-ல் அங்கேயே தண்ணீரில் மூழ்கி மரித்தார். போவதற்கு முன் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனார். சாத்தம் ஊருக்குப் போய், கேட்லெட் வீட்டாரைப் பார்த்து, இந்தக் கல்யாணத்துக்குத் தனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட குமாரனின் கதையில் தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்ளுகிறார். இங்கே தகப்பன் கட்டிக்கொள்ள முடியாமல், மகனுக்குப் பெண் கேட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1750 பிப்ரவரியில் ராச்செஸ்டர் பட்டணத்து புனித மார்கரெட் ஆலயத்தில் கல்யாணம். ஏழு வருஷம் காத்திருந்து கைபிடித்த பெண்! கதைப் புஸ்தகமாக இருந்தால் இங்கே முற்றும் போட்டிருப்பார்கள்.

இனிமேல்தான் நான் தாண்டிப்போகிற பகுதி வருகிறது. புயலில் தப்பின அதே வருஷமே அடிமைக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியாகப் போனான். ஆப்பிரிக்கக் கரை சேர்ந்ததும் தூஷண வார்த்தையைத் தவிர பழைய பாவமெல்லாம் திரும்ப வந்துவிட்டது. காய்ச்சல் வந்து விழுந்தபிறகுதான் மறுபடியும் முழங்காலில் நின்றான். கல்யாணத்துக்குப் பிறகு 1750 முதல் 1754 மட்டும் மூன்று பயணம், கேப்டனாகவே போனான். முதலில் டியூக் ஆஃப் ஆர்கைல், பிறகு இரண்டு தடவை ஆப்பிரிக்கன் என்ற கப்பல். அதாவது, இரட்சிக்கப்பட்டேன் என்று சொன்ன மனுஷன், ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தின மனுஷன், மனைவிக்கு வாரத்தில் இரண்டு மூன்று கடிதம் எழுதின மனுஷன், அடிமை வியாபாரியாக இருந்தான்.

அந்தக் கடிதங்கள் அவ்வளவு அருமையானவை. அவள் நினைவாக ஜெபிக்கிற நேரம், அவளைப் பிரிந்திருக்கும் ஏக்கம், கர்த்தரைவிட அவளை அதிகமாக நேசித்து விக்கிரகமாக்கிவிட்டேனோ என்கிற பயம், எல்லாம் அதில் இருக்கும். எழுதுகிற மேஜைக்குச் சில அடிக்குக் கீழே என்ன இருந்தது? ஐந்தடி உயரமுள்ள தளம். அதையும் நடுவில் பலகை போட்டு இரண்டாக்கி, அலமாரியில் புஸ்தகம் அடுக்குகிற மாதிரி மனுஷரைப் படுக்கவைப்பார்கள். புரண்டு படுக்க இடமில்லை. இரண்டிரண்டு பேராகக் கையிலும் காலிலும் விலங்கு. காலையில் பார்த்தால் உயிருள்ளவனும் செத்தவனும் ஒரே விலங்கில் கிடப்பார்கள். இதெல்லாம் நான் சொல்லவில்லை, பிற்காலத்தில் அவரே கைப்பட எழுதினது. 1752-ல் அடிமைகள் கலகம் பண்ணப்போகிறார்கள் என்று சந்தேகம் வந்தபோது, சிறுபையன்களைக் கட்டைவிரல் நசுக்குகிற கருவியில் வைத்து உண்மையை வரவழைத்தான். அதையும் கப்பல் குறிப்பேட்டில் தன் கையாலே எழுதிவைத்தான். பாலிக்கு ஒரு புருஷன் இருந்ததுபோல, கீழே கிடந்த அந்த ஸ்திரீகளுக்கும் புருஷன் இருந்தான் அல்லவா? அது அந்த நாட்களில் அவனுக்குத் தோன்றவேயில்லை. தன்னை ஒரு ஜெயில்காரன் போல உணர்ந்ததும், வேறு நல்ல வேலை தரும்படி ஜெபித்ததும் உண்டு. ஆனால் இது பாவம் என்று மனசாட்சி குத்தவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். புயலில் கண்ட அனுபவத்தைக்கூட, முழுமையான அர்த்தத்தில் நான் விசுவாசியானது அன்றைக்கல்ல, பிற்பாடுதான் என்று எழுதினார். நாமோ ஒரே ராத்திரியில் அவரைப் பரிசுத்தவானாக்கிவிட்டோம்.

கேப்டனாய்ப் போனபோது பிளான்டேன் தீவுக்கும் போனான். எலுமிச்சை மரங்கள் காய்த்திருந்தது, பறித்தான். தன்னைப் பட்டினிபோட்ட அந்தப் பெண்ணைக் கப்பலுக்கு வரவழைத்து மரியாதையாய் உபசரித்தான். பழிவாங்க இதுவே நல்ல வழி என்று மனைவிக்கு எழுதினான். அவளை மன்னித்தது நல்ல காரியந்தான். தனக்கு ஒளித்துச் சோறு கொடுத்த அடிமைகளின் ஜனத்தை விற்றுக்கொண்டே அவளை மன்னித்தான் என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

எல்லாரையும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதையும் அவன் அந்தக் கப்பலில்தான் கற்றுக்கொண்டான். ஹார்விச் கப்பலில் ஜோப் லூயிஸ் என்று ஒரு நல்ல வாலிபன் இருந்தான். தேவன் இல்லை, வேதம் பொய் என்று பேசிப்பேசி அவன் விசுவாசத்தைக் கெடுத்தது நியூட்டன்தான். பல வருஷம் கழித்து லிவர்பூலில் அவனைச் சந்தித்து, எப்படியாவது திருப்பிவிடலாம் என்று தன்னோடு கப்பலில் கூட்டிப்போனான். லூயிஸ் கேட்கவில்லை. நீதானே எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாய் என்று திருப்பிக் கேட்டான். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு சின்னக் கப்பலை வாங்கி அவனைத் தலைவனாக்கி அனுப்பினான். சில நாளில் காய்ச்சல் கண்டு, நம்பிக்கையில்லாமல் பயங்கரமாகச் செத்தான் லூயிஸ். இவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது, அவனுக்கு? யோசிக்கவே கஷ்டமாயிருக்கிறது.

1754 நவம்பரில், அடுத்த பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மனைவியோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் வலிப்பு வந்ததுபோல் மூச்சுமட்டும் இருக்க விழுந்தான். ஒரு மணி நேரம் பேச்சில்லை. டாக்டர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். கேப்டன் வேலை அத்தோடு முடிந்தது. அவனாக விடவில்லை, விழுத்தாட்டப்பட்டு விட்டான். அந்த அதிர்ச்சியில் பாலி மாதக்கணக்காய் வியாதியாய்க் கிடந்தாள்.

இனி அவர் என்று எழுதுகிறேன். லிவர்பூலில் சுங்க இலாகாவில், வந்துபோகும் கப்பல்களைச் சோதிக்கிற வேலை கிடைத்தது. கிரேக்கும் எபிரெயமும் தானாகவே படித்தார். ஊழியத்துக்கு வர விண்ணப்பித்தபோது யார்க் அத்தியட்சர் மறுத்துவிட்டார். ஆறு வருஷம் இழுத்தடித்து, 1764-ல்தான் அபிஷேகம் பெற்று ஓல்னி என்ற சிற்றூரில் குருவானவரானார். பின்னலாடை போல லேஸ் பின்னிப் பிழைக்கிற ஏழை ஜனங்கள் உள்ள ஊர். வில்லியம் கூப்பர் என்ற கவிஞர் அங்கே அவருக்குச் சிநேகிதரானார். 1773 புதுவருஷ ஆராதனைக்காக, முதலாம் நாளாகமம் 17-ம் அதிகாரத்தில் தாவீது தேவசமுகத்தில் உட்கார்ந்து நான் எம்மாத்திரம் என்று கேட்கிற பகுதியைத் தியானித்து எழுதினதுதான் அந்தப் பாட்டு. அதே மாதம் கூப்பருக்குச் சித்தம் கலங்கிற்று. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று நம்பி உயிரை மாய்க்கப் பார்த்த மனுஷனை நியூட்டனும் பாலியும் தங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள். சொந்தப் பிள்ளை இல்லாத அவர்கள், தாய் தகப்பனை இழந்த உறவுக்காரச் சிறுமிகள் இருவரை வளர்த்தார்கள். அதில் எலிசா பதினாலு வயதில் காசநோயால் போய்விட்டாள்.

1780-ல் லண்டனில் லோம்பார்ட் தெருவிலுள்ள புனித மேரி உல்நாத் ஆலயத்துக்கு மாறினார். 1785 டிசம்பரில் ஒரு பார்லிமெண்ட் உறுப்பினர், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். பெயர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அரசியலை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வரவா என்று கேட்டார். இருக்கிற இடத்திலேயே இரு, அங்கேயே கர்த்தர் உன்னை உபயோகிப்பார் என்று அனுப்பினார் நியூட்டன்.

அந்த வாலிபன் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராட ஆரம்பித்தபோது, கிழவரால் சும்மா இருக்கமுடியவில்லை. 1788-ல், கப்பலை விட்டு முப்பத்துநாலு வருஷம் கழித்து, ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைக் குறித்துத் தன் பேரைப் போட்டு ஒரு சிறு புஸ்தகம் வெளியிட்டார். இந்த அறிக்கை காலந்தாழ்ந்து வருகிறது, இதில் நானே கைநனைத்தவன் என்பதை நினைத்து எப்போதும் வெட்கப்படுவேன் என்ற கருத்தில் ஆரம்பித்தார். விலங்கு, பலகைத்தளம், நசுக்கின விரல்கள், தாயின் கையிலிருந்து பிடுங்கிக் கடலில் எறியப்பட்ட குழந்தை என்று கேட்டதும் கண்டதும் எல்லாம் எழுதினார். அரசாங்க விசாரணைக் குழுவிலும், 1790-ல் பார்லிமெண்ட் குழுவிலும் நின்று சாட்சி சொன்னார். பிரசங்க பீடத்தில் சாட்சி சொல்வது நமக்கு எளிது, கைதட்டுகூட கிடைக்கும். தன் பேர் கெடும்படி சொல்லுகிற சாட்சிதான் கஷ்டம். நியூட்டனுக்கே முப்பத்துநாலு வருஷம் எடுத்தது.

அந்த வருஷமே பாலியின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. பார்த்த டாக்டர் கத்தி வைக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்றார். இரண்டு வருஷம் வேதனை. வேதாகமத்தை வாசித்து வாசித்து ஓரமெல்லாம் குறிப்புப் போட்டாள். ஆனால் கடைசி மாதங்களில் ஒரு இருட்டு வந்தது. சுமார் இரண்டு வாரம், நித்தியத்தைக் குறித்துப் பேசினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் புருஷன்மேலிருந்த பாசம்கூட மறைந்துபோனதுபோல் இருந்தாள். நாற்பது வருஷ வாழ்க்கையில் தனக்கு வந்த சோதனைகளிலே இதுதான் பெரியது என்று நினைத்தார் அவர். பிறகு அந்த இருள் விலகினது. பேச்சு நின்றுபோன நாளில், உன் மனது சமாதானமாயிருந்தால் கையைத் தூக்கிக் காட்டு என்று கேட்டார். தூக்கினாள். தூக்கினதோடு நிற்காமல் அப்படியும் இப்படியுமாய்ப் பலதடவை ஆட்டிக் காட்டினாள். 1790 டிசம்பர் 15 ராத்திரி, கையில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு நிற்கிற மட்டும் பக்கத்தில் நின்றார். ஊழியத்துக்கு வந்த நாள்முதல் ஒரு வேதபகுதியைப் பிரசங்கிக்காமல் ஒதுக்கிவைத்திருந்தார், ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள். அவள் தனக்கு முன்னே போனால் அன்றைக்குப் பேசுவதற்காக. அவளுடைய அடக்க ஆராதனையில் அவரே நின்று அதைப் பேசினார்.

1793-ல் அந்தப் பழைய கடிதங்களைப் புஸ்தகமாக அச்சிட்டார். ஒளித்துவைத்திருக்கலாம். அடிமைக் கப்பலின் அறையிலிருந்து எழுதினது என்பது தேதியிலேயே தெரியுமே! ஆனாலும் வெளியிட்டார்.

1807 மார்ச் 25-ல் பிரிட்டிஷ் கப்பல்களில் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்கிற சட்டம் நிறைவேறியது. அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது, கண்பார்வையும் ஞாபகசக்தியும் போய்க்கொண்டிருந்தது. தான் மகா பாவி என்பதையும் கிறிஸ்து மகா இரட்சகர் என்பதையும் மட்டும் மறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் டிசம்பர் 21-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பாலியின் பக்கத்திலேயே வைத்தார்கள். 1893-ல் இருவரின் எலும்புகளையும் எடுத்து ஓல்னி ஆலயத் தோட்டத்தில் அடக்கம்பண்ணினார்கள். கல்லறையில் பொறிக்கவேண்டியதை உயிரோடிருக்கும்போதே எழுதிவைத்திருந்தார். ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கே ஊழியக்காரனாய்க் கிடந்தவன் என்பதையும் அதில் விடாமல் சேர்த்திருந்தார்.

இப்போது அந்தச் சிறுபெண். பல வருஷத்துக்கு முன் என் ஞாயிறு பள்ளி வகுப்பில் இருந்தாள், பன்னிரண்டு வயது இருக்கும். நான் புயலையும் பாட்டையும் சொல்லி முடித்ததும் எழுந்து, அந்தக் கப்பலுக்குள்ளே கட்டிப்போட்டிருந்தவங்க கிட்ட அவர் மன்னிப்புக் கேட்டாரா டீச்சர் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, குறுக்குக் கேள்வி கேட்கிறது பிசாசின் குணம் என்று எல்லாப் பிள்ளைகள் முன்பாகவும் அதட்டி உட்காரவைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. வீட்டில் போய் விசாரிக்கவும் எனக்குப் பெருமை இடங்கொடுக்கவில்லை.

இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். அவள் அம்மாவிடம் விலாசம் வாங்கி ஒரு கடிதம் எழுதினேன். அவள் கேட்டது சரியான கேள்வி என்றும், கீழ்த்தளத்தில் இருந்தவர்களை அவர் திரும்ப ஒருநாளும் பார்க்கவில்லை, அவர்களுக்காக விசாரணைக் குழுவின் முன் நின்று தன்னையே குற்றப்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான் செய்யமுடிந்தது என்றும் எழுதினேன். நான் செய்தது தப்பு என்பதையும் எழுதினேன். எழுதி முடித்தபோது நாலு பக்கம் ஆகிவிட்டது. அதில் பாதிதான் மேலே நீங்கள் வாசித்தது. போன திங்கட்கிழமை தபாலில் சேர்த்தேன். இன்னும் பதில் வரவில்லை.